ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை அடி?



என் பக்கத்தில் மேசைமேல் இருக்கும் இயந்திரத்தை உள்ளே வரும்போதே பார்த்திருப்பீர்கள். சின்ன மில்லிங் மெஷின். நான் வாங்கியபோது இதன் மேடையை நகர்த்த மோட்டார் கிடையாது, மூன்று கைச்சக்கரங்கள்தான். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் மேடை ஒரு மில்லிமீட்டர் நகரும். சக்கர விளிம்பில் 100 கோடுகள் வெட்டியிருக்கும். ஒரு கோட்டுக்கு மில்லியில் நூறில் ஒரு பங்கு. ஆறு ஆண்டுகள் அப்படிக் கையால் சுற்றித்தான் வேலை செய்தேன். பிறகு சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்களைப் பூட்டினேன். ஓர் ஆர்டுயினோ யூனோ போர்டு வாங்கி, ஜிஆர்பிஎல் என்ற திறமூல மென்பொருளை அதில் ஏற்றினேன். கணினியோடு இணைத்து, எக்ஸ் பக்கம் 10 மில்லி போ என்று கட்டளை கொடுத்தேன்.

மேடை நகர்ந்தது. டயல் கேஜைப் பார்த்தேன். முள் ஒன்றரைச் சுற்று சுற்றி, இன்னும் கொஞ்சம் போய் நின்றது. 1.56 மில்லி.

பக்கத்தில் நின்ற தம்பி, "அண்ணா, போர்டு ஏதோ ரிப்பேர் போலிருக்குங்க" என்றான். போர்டில் ரிப்பேர் எதுவும் இல்லை. தனக்குச் சொல்லியிருந்ததை அது பிசகாமல் செய்திருந்தது. புதிதாக ஏற்றிய ஜிஆர்பிஎல்லில் ஒரு மில்லிமீட்டருக்கு 250 அடி என்று எழுதியிருக்கும். ஏதாவது ஓர் எண் இருந்தாக வேண்டுமே என்று வைத்த எண் அது. என் இயந்திரத்துக்கு வேண்டியது 1,600 அடி. 10 மில்லிக்கு அது 2,500 அடி எடுத்து வைத்தது. 2,500ஐ 1,600ஆல் வகுத்துப் பாருங்கள், 1.56 வரும்.

அடி என்று எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டெப்பர் மோட்டார் சாதாரண மோட்டாரைப் போலத் தொடர்ந்து சுற்றுவதில்லை. ஒரு பல்ஸ் கொடுத்தால் ஓர் அடி எடுத்து வைத்து நின்றுவிடும். அடுத்த பல்ஸ் வந்தால்தான் அடுத்த அடி. நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மோட்டார்கள் ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடி வைப்பவை. அந்த ஒவ்வோர் அடியையும், மோட்டாரை இயக்கும் டிரைவர் என்ற கருவி எட்டுத் துண்டாக நறுக்கித் தரும்படி வைத்திருக்கிறேன். ஆக ஒரு சுற்றுக்கு 1,600. என் ஸ்குரூவின் புரி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லி. எனவே ஒரு மில்லிக்கு 1,600 அடி. கணக்கு இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

ஆனால் இந்த எண்ணை இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தன் ஸ்குரூவின் புரி என்ன, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றினால் மேடை எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகத்தில் தன் மூச்சு முட்டும், தன் மேடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதுவும் அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஜிஆர்பிஎல்லில் டாலர் குறியை இரண்டு முறை தட்டினால் முப்பத்து சொச்சம் வரிகள் திரையில் வந்து விழும். அதுதான் அந்த இயந்திரத்தின் ஜாதகம். பட்டறைக்காரர்கள் பலர் செய்வது என்னவென்றால், தெரிந்தவர் ஒருவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து அந்த வரிகளை அப்படியே வாங்கி ஒட்டிவிடுவது. இன்னொருவர் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளைக்குப் பலன் பார்ப்போமா? நானும் ஒரு காலத்தில் அப்படி வாங்கி ஒட்டியவன். அதில் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஜிஆர்பிஎல்லுக்கு முன்னோடியான மென்பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில் நிஸ்ட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. எடை, அளவு ஆகியவற்றின் தரநிலைகளுக்கு அந்த நாட்டில் அவர்கள்தான் பொறுப்பு. 1990களில் அங்கிருந்த பொறியாளர்கள் இயந்திரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பொதுவான மென்பொருள் எழுதினார்கள். இஎம்சி என்று பெயர். ஜெனரல் மோட்டார்ஸின் பவர்ட்ரெயின் பிரிவில் உண்மையான மெஷினில் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அரசு ஊழியர் அலுவலாக எழுதுவதற்கு அந்த நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. எனவே அது யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வந்தது. தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். அதே மூன்றெழுத்துப் பெயர் கொண்ட கணினி நிறுவனம் ஒன்று இருந்ததால், 2011இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாற்றினார்கள். இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவில் செய்யப்படும் ஷெர்லைன் என்ற மேசை மில்லை அந்த மென்பொருள் போட்ட கணினியோடு சேர்த்தே விற்றிருக்கிறார்கள்.

நிஸ்ட்டின் தாமஸ் கிராமர், ஃபிரடெரிக் பிராக்டர், எலெனா மெஸ்ஸினா ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஜி கோடு என்று நாம் சொல்கிற கட்டளை மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள், எந்தச் சொல் முன்னால் நிறைவேற வேண்டும், எந்தச் சொல்லோடு எது சேரக்கூடாது என்பதையெல்லாம் இலக்கணம் எழுதுவதுபோல எழுதிவைத்தார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு அந்த அறிக்கையின் அமைப்பு அந்நியமாகவே தெரியாது. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் ஜிஆர்பிஎல்லைத் தொடங்கியபோதும் இந்த இலக்கணத்தைத்தான் கைக்கொண்டார். பிறகு சன்னி ஜியான் என்பவர் பொறுப்பேற்று அதை நெடுங்காலம் செதுக்கினார். நான் வாங்கிய யூனோ போர்டின் சிப்பில் நிரலுக்கு இருக்கும் இடம் 32 கிலோபைட். வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூடப் போதாத அந்த இடத்துக்குள் மூன்று அச்சுகளையும் ஒரே நேரத்தில் இழுத்து வட்டம் வெட்டும் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதியவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது ஜாதகத்துக்கு வருவோம். எல்லா வரிகளையும் சொல்லப்போவதில்லை. எங்கே கை சுடுமோ அங்கே மட்டும் நிற்கிறேன்.

100, 101, 102 என்ற மூன்று எண்களும் மூன்று பக்கத்துக்கும் மில்லிக்கு எத்தனை அடி என்பவை. 1,600 என்று மாற்றிவிட்டு மறுபடி 10 மில்லி போகச் சொன்னேன். டயல் கேஜ் 9.92 காட்டியது. எட்டு கோடு குறைகிறது. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 9.92க்குப் பதில் 10 வர வேண்டும் என்றால் 1,600ஐ 1,613 ஆக்கிவிட்டால் போகிறது என்று தோன்றும். ஆக்கினால் கேஜில் 10 வந்துவிடும். மனம் நிறைந்து ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய துண்டை, ஏற்றுவோம். 50 மில்லி நீளம் வெட்டினால் ஏறக்குறைய 0.4 மில்லி கூடுதலாக வந்து நிற்கும்.

என் குருநாதர், கோவை கணபதியில் பட்டறை வைத்திருந்த பழைய டர்னர், லேத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கே உதவியது. "ஒரு தடவை அளந்தா அது அளவில்லைடா, மூணு தடவை வேற வேற தூரம் வெச்சு அள" என்பார். அப்படியே செய்தேன். 10 மில்லிக்கு எட்டு கோடு குறைந்தது. 20 மில்லிக்கு எவ்வளவு குறைகிறது? அதே எட்டு கோடு. 50 மில்லிக்கு? அப்போதும் எட்டுதான். அடிக் கணக்கில் தப்பு இருந்தால் தூரம் கூடக்கூடக் குறைச்சலும் கூடும், 20க்குப் பதினாறு கோடு, 50க்கு நாற்பது கோடு என்று. இங்கே எந்தத் தூரத்துக்கும் அதே எட்டு. ஆகவே கணக்கு சரி. குறை இரும்பில் இருக்கிறது. ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் எட்டு கோடு ஆட்டம். மேடை இடப்பக்கமிருந்து வந்து நின்றபின் வலப்பக்கம் திரும்பச் சொன்னால், ஸ்குரூ முதல் எட்டு கோட்டுக்கு வெறுமனே சுற்றி, நட்டின் மறுபக்கத்தைத் தொட்ட பிறகுதான் மேடையைத் தள்ளுகிறது.

கேஜை வைத்து அளக்கும்போது எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து சேருங்கள். முதலில் ஒரு மில்லி பின்னால் போய், முன்னால் வந்து, சுழி வைத்து, அதன்பிறகு முன்னாலேயே போங்கள். அப்படி அளந்தபோது எனக்கு 10க்கு 10, 50க்கு 50 வந்தது. இந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள லினக்ஸ்சிஎன்சியில் ஒரு வரி உண்டு, எண்ணைக் கொடுத்தால் திரும்பும்போதெல்லாம் அந்த அளவு சேர்த்துச் சுற்றும். ஜிஆர்பிஎல்லில் அந்த வசதி கிடையாது. இல்லாததே நல்லது என்பது என் அபிப்பிராயம். டூல் சுற்றும் திசையும் ஜாப் நகரும் திசையும் ஒன்றாக இருக்கும் வெட்டில், டூல் மேடையைத் தன் பக்கம் இழுக்கும். நட்டில் ஆட்டம் இருந்தால் மேடை அந்த எட்டு கோடும் வெடுக்கென்று பாயும். எண்ட் மில் முறியும். எந்த மென்பொருளாலும் அந்தப் பாய்ச்சலைத் தடுக்க முடியாது. நட்டைத்தான் இறுக்க வேண்டும். இறுக்கினேன். ஆட்டம் மூன்று கோட்டுக்கு வந்தது. அதற்குமேல் இறுக்கினால் ஸ்குரூ பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வேகம். 110 முதல் 112 வரை உச்ச வேகம், 120 முதல் 122 வரை முடுக்கம். ஜிஆர்பிஎல் நொடிக்கு 30,000 அடிவரை எடுத்து வைக்கும். என் மில்லிக்கு 1,600 அடி என்பதால், நிமிடத்துக்கு 1,125 மில்லிக்குமேல் மென்பொருளாலேயே போக முடியாது. டிரைவரில் ஓர் அடியை எட்டுத் துண்டாக நறுக்கினேன் என்று சொன்னேன் அல்லவா, பதினாறாக நறுக்கினால் நுணுக்கம் கூடுமே என்று கேட்கலாம். நுணுக்கம் தாளில்தான் கூடும். உச்ச வேகம் பாதியாகிவிடும். அத்துடன் அவ்வளவு சின்னத் துண்டு ஒன்றை நகர்த்தும் திருப்புவிசை மோட்டாரிடம் மிகக் குறைவு, திருகின் உராய்வே அதை விழுங்கிவிடும். எட்டே போதும்.

உச்ச வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டூல் இல்லாமல், ஜாப் இல்லாமல், மேடையை முன்னும் பின்னும் ஓடவிட்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஏதோ ஒரு கட்டத்தில் மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே உறுமும். அந்த உறுமலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்கு எக்ஸ் பக்கம் 1,050இல் உறுமியது. 800க்கு இறக்கி வைத்தேன். வெட்டும்போது டூலின் எதிர்ப்பும் சேரும், அதற்கு இடம் வேண்டும். இசட் பக்கம் தலைப்பாகத்தின் முழு எடையையும் மேலே தூக்க வேண்டும் என்பதால் 500தான். மூன்று பக்கத்துக்கும் ஒரே எண் கொடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுகிறவரும் தரையில் வெறுங்கையோடு நடக்கிறவரும் ஒரே வேகத்தில் போக முடியுமா?

முடுக்கத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பேருந்து ஓட்டுநர் கொண்டை ஊசி வளைவுக்குள் வந்தபிறகு பிரேக்கில் கால் வைப்பதில்லை. வளைவு வரப்போவது தெரிந்து முன்பே தணிக்கிறார். ஜிஆர்பிஎல்லும் அப்படித்தான், அடுத்து வரும் 16 நகர்வுகளை முன்கூட்டியே பார்த்து, எங்கே தணிக்க வேண்டும், எங்கே கூட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகிறது. முடுக்க எண் மிகக் குறைவாக இருந்தால் சின்னச் சின்ன வளைவுகள் நிறைந்த வேலையில் மெஷின் நடக்கவே நடக்காது, டூல் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து மரம் கருகும். மிக அதிகமாக இருந்தால் மோட்டார் அடி தவறும். மோட்டார் அடி தவறியது மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இதில் மிக முக்கியமான விஷயம். அது பல்ஸ் அனுப்பும், போயிருக்கும் என்று நம்பிக்கொள்ளும். மோட்டாரிடமிருந்து திரும்பிவரும் சொல் எதுவும் கிடையாது.

1ஆம் எண்ணையும் மறந்துவிடாதீர்கள். நகர்வு முடிந்து எத்தனை மில்லிநொடி கழித்து மோட்டாரைத் தளர்த்திவிட வேண்டும் என்பது அது. முதலில் 25 என்று இருக்கும். அப்படியே விட்டால் நின்றவுடன் பிடி தளர்ந்துவிடும். இசட் தலைப்பாகம் தன் எடையில் கொஞ்சம் இறங்கினாலும் கேட்பாரில்லை. 255 என்று போட்டால் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். மோட்டார் சூடாகும், பரவாயில்லை. 32ஆம் எண் லேசருக்கானது. மில்லில் அது கட்டாயம் சுழியாக இருக்க வேண்டும். லேசர் மெஷின்காரரிடமிருந்து வரிகளை வாங்கி ஒட்டினால் அது 1 என்று வந்து சேரும். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகம் மாறும் இடங்களில் மெஷின் நிற்காமலே ஓடும்.

3ஆம் எண் திசை. இதில் ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். மெஷின் ஓடத் தொடங்கிய வாரம், என் மகளுக்குப் பள்ளியில் சேர்க்கை. அவளுக்கு ஒரு மரப்பலகையில் "அ" செதுக்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வேப்பம்பலகை இழைத்து வைத்து, கோடு போட்டு, ஓட்டினேன். அழகாக வெட்டியது. பலகையைத் தட்டித் தூசி ஊதிப் பார்த்தால், "அ" கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தது. எக்ஸ் கூட்டல் திசை என்றால் மேடை வலப்பக்கம் போக வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அது தவறு. திசை எப்போதும் டூலைப் பொறுத்தது. டூல் ஜாப்பின் வலப்பக்கம் போவதற்கு, மேடை இடப்பக்கம் போக வேண்டும். 3ஆம் எண்ணில் 1 போட்டால் எக்ஸ் திரும்பும், 2 போட்டால் ஒய், 4 போட்டால் இசட், இரண்டைத் திருப்ப வேண்டுமென்றால் கூட்டிப் போட வேண்டும். 1 போட்டேன். மறுநாள் வேறு பலகையில் நேரான "அ" செதுக்கிக் கொடுத்தேன். திரும்பிய பலகையை மகள் விடவில்லை, அதுவும் அவளிடம்தான் இருக்கிறது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான கதை.

கோவையில் நகைத் தொழில் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். தோடு அச்சு ஒன்று பித்தளையில் வெட்டித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். பூ வேலைப்பாடு. தளத்தைச் சமமாக்க டூல் உழுவதுபோலப் போய்ப்போய் வர வேண்டும், 240 முறை போகவும் 240 முறை வரவும். மூன்றரை மணி நேரம். முடிந்து பார்த்தபோது மேலே வெட்டிய இதழ்களும் கீழே வெட்டிய இதழ்களும் ஒன்றோடொன்று சேரவில்லை. வெர்னியரில் 0.3 மில்லி விலகல். இன்னொரு பித்தளைத் துண்டு எடுத்து வெட்டினேன். அதே 0.3. கப்ளிங் திருகு தளர்ந்ததோ என்று பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. வேகத்தைப் பாதியாக்கினேன், முடுக்கத்தைப் பாதியாக்கினேன். அப்போதும் அதே 0.3. மோட்டார் திணறி அடி தவறினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விலகல் வர வேண்டும். இது ஒரே அளவு, எப்போதும் ஒரே பக்கம். மூன்று இரவு தூக்கம் இல்லை.

நான்காம் நாள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 0.3 மில்லி என்றால் 480 அடி. 240 சுற்று. ஆக, போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக இரண்டு அடி! அந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. எங்கோ ஓர் அடி தவறான பக்கம் போகிறது. முன்னால் போக வேண்டிய ஓர் அடி பின்னால் போனால் இழப்பு இரண்டு அடிதானே!

டிரைவரின் தாளை எடுத்தேன். அதில் ஒரு வரி இருந்தது. திசைக் கம்பியில் சமிக்ஞை மாறிக் குறைந்தது 5 மைக்ரோநொடி கழித்துத்தான் பல்ஸ் வர வேண்டும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஐந்து கூறு. டிரைவருக்குள் ஒளியைக் கொண்டு சமிக்ஞையைக் கடத்தும் ஆப்டோ என்ற உறுப்பு இருக்கிறது. அது ஒரு பக்கம் சட்டென்று மாறும், மறுபக்கம் கொஞ்சம் தயங்கி மாறும். ஜிஆர்பிஎல்லோ திசையை மாற்றிய கையோடு பல்ஸை அனுப்பிவிடுகிறது. போகும்போது தயக்கம் இல்லை. வரும்போது, திசை மாறி முடிவதற்குள் முதல் பல்ஸ் வந்துவிடுகிறது, அந்த ஓர் அடி பழைய பக்கமே போகிறது. இருபக்கமும் தயங்கியிருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நான் யாரிடமிருந்து வரிகளை வாங்கி ஒட்டினேனோ, அவர் மெஷினில் வேறு டிரைவர். சின்னப் பலகை வகை, ஆப்டோ கிடையாது. அவருக்கு இந்தத் தொல்லை வரவே வராது. வரிகளில் எந்தத் தப்பும் இல்லை, அவை அவருடைய மெஷினுக்கு எழுதியவை.

சரி, எந்த எண்ணை மாற்றினால் சரியாகும்? முப்பத்து சொச்சம் வரிகளையும் இரண்டு முறை படித்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லை. அடைத்த பெட்டியாக வரும் கட்டுப்பாட்டுக் கருவியாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் ஜிஆர்பிஎல்லின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. படிக்கத் தெரியும், மெதுவாக. கட்டமைப்புக்கான கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். பாதிக்குமேல் போனபின் ஒரு குறிப்பு. திசைக் கம்பிக்கும் பல்ஸுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வேண்டுமென்றால் கீழுள்ள வரியை உயிர்ப்பியுங்கள், 5 முதல் 20 மைக்ரோநொடி வரை வைத்துப் பலருக்குச் சரியாகியிருக்கிறது என்று எழுதியிருந்தது. கீழே அந்த வரி. அதன் முன்னால் இரண்டு சாய்கோடுகள். சாய்கோடு போட்டால் கணினி அந்த வரியைப் படிக்காது.

அந்த இரண்டு சாய்கோடுகளையும் அழித்தேன். எண் 10 என்று ஏற்கெனவே இருந்தது. கம்பைல் செய்து போர்டில் ஏற்றினேன். மூன்றாவது பித்தளைத் துண்டு. மூன்றரை மணி நேரம் நகராமல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதழ்கள் சேர்ந்தன. நகம் வைத்துத் தடவினால்கூட இணைப்பு தட்டுப்படவில்லை.

எனக்கு முன்னால், எந்த ஊரிலோ, என்னைப் போலவே இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட யாரோ ஒருவர் சொன்னதை வைத்துத்தான் அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். அவரை நான் பார்த்ததில்லை. அவர் பட்ட பாடு எனக்கு வந்து சேரும்படி வழி திறந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

திறந்திருப்பதற்கும் அடைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வேறொரு விதத்திலும் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே ஒரு பட்டறையில் பெரிய சிஎன்சி மெஷின், பழையது. அதன் எண்களெல்லாம் பேட்டரியால் உயிர் வாழும் நினைவகத்தில் இருந்தன. பொங்கல் விடுமுறையில் மெயின் அணைந்திருந்த நாட்களில் பேட்டரி தீர்ந்துவிட்டது. திறந்து பார்த்தபோது மெஷினுக்குத் தன் பெயர்கூட ஞாபகம் இல்லை. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த எண் பட்டியல் எண்ணெய் படிந்து பாதி அழிந்திருந்தது. செய்த நிறுவனம் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான ஆதரவை நிறுத்திவிட்டிருந்தது. இரண்டு மாதம் மெஷின் நின்றது, வங்கித் தவணை நிற்கவில்லை. என் மெஷினின் எண்கள் போர்டு சிப்பிலேயே பேட்டரி இல்லாமல் நிற்பவை. போர்டே எரிந்துபோனாலும், அந்த முப்பத்து சொச்சம் வரிகளும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கின்றன.

கம்பிகளைப் பற்றி நிறையப் பேசலாம், நேரம் இல்லை. மூன்றே செய்தி. மேடையின் எல்லைகளில் லிமிட் சுவிட்ச் போட்டால், சாதாரணமாக மூடியிருந்து தொட்டால் திறக்கும் வகையைப் போடுங்கள், 5ஆம் எண்ணை அதற்கேற்ப மாற்றுங்கள். கம்பி அறுந்தால் மெஷின் உடனே நிற்கும். மற்ற வகையில் கம்பி அறுந்தது, மேடை போய் முட்டிய பிறகுதான் தெரியும். ஸ்பிண்டிலைப் போட்டவுடன் காரணமில்லாமல் அலாரம் வந்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். லிமிட் கம்பி ஸ்பிண்டில் கம்பியோடு ஒரே குழாயில் போகிறதா என்று பாருங்கள். பிரித்து, உறையிட்ட கேபிள் போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொன்று, சிவப்பு நிறுத்து பொத்தான் மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் கரண்டையே வெட்ட வேண்டும். மென்பொருளுக்கு ஒரு சொல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பொத்தானை நம்பி யாரும் கையை உள்ளே விடாதீர்கள். இதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் வராது.

இந்த நோட்டுப் புத்தகத்தை உங்களிடம் காட்டிவிடுகிறேன், முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் நாளும் எப்படி அளந்தேன் என்பதும் இருக்கும். எக்ஸ் நட்டின் ஆட்டம் முதல் ஆண்டில் மூன்று கோடு, இரண்டாம் ஆண்டில் நான்கு, போன ஆவணியில் ஆறு. அப்போது நட்டை மாற்றினேன், மறுபடி மூன்று. போன வாரம் கடைசியாக அளந்தது பென்சிலில் இருக்கிறது. எண்களைப் படமெடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணைவிட, பக்கத்தில் எழுதியிருக்கும் அளந்த விதத்தைப் படம் எடுங்கள்.

இப்போது மெஷினைப் போடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை ஓரடி பின்னால் இருத்துங்கள். வைஸில் வேப்பம்பலகை இருக்கிறது. முதலில் ஹோம் போகும், மூன்று சுவிட்சையும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு மில்லி பின்வாங்கி நிற்கும். அதன்பிறகு "அ" வெட்டப்போகிறது.